அடுப்புக்கு ஒரு பங்கு

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரியான கட்டுரை இது. எனக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். விட்டது சரிதானா என்று தினமும் ஒரு முறையாவது யோசிக்கிறேன். எனவே இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்பதே சந்தேகம்தான். ஆனால் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் கவிதா போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, வல்லம் பக்கத்துல ஒரு ஊர்ல புதுசா ஆரம்பிக்கிறோம். பழைய பைல எடுத்துப் பாத்தேன். அடுப்புக்கு ஒரு பங்குன்னு போட்டிருக்குது. அப்டின்னா இன்னாக்கா? கேஸ் கனெக்‌ஷனா?"

"இல்லடி, அது வந்து…" என்று தொடங்கினேன். அதற்குள் மகள் தரையில் கிடந்த எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஓடிப்போய் விரலை விட்டு எடுத்தேன். புளியங்கொட்டை. அதன்பிறகு போனில் நிதானமாகப் பேசுகிற நிலையில் நான் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மகள் தூங்கும் நேரங்களில் எழுதுவதால் விட்டுவிட்டுத்தான் வரும். பொறுத்துக்கொள், கவிதா.

நான் படித்தது மின்பொறியியல். படிப்பு முடிந்ததும் சென்னையில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் ஒரு கம்பெனியில் இருந்தேன். மாடி மாடியாக ஏறி அளவெடுப்பதுதான் வேலை. கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த பிறகு, கிராமத்து மக்களே சேர்ந்து சொந்தமாகச் சூரிய மின்நிலையம் நடத்த உதவும் ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்தேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாடிக்கு உரிமையாளர் ஒருவர். அவர் சரி என்றால் சரி. ஊரில் அந்த ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

எனக்கு மேலதிகாரி தேன்மொழி மேடம். நாற்பதைத் தாண்டியவர், ஸ்கூட்டியைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பஸ் டிரைவர்களே ஒதுங்குகிற மாதிரி ஓட்டுவார். அவர் நடந்தால் நான் ஓட வேண்டும். பொறுமை என்ற பொருள் அவரிடம் கிடையாது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். யாராவது எதிர்த்துப் பேசினால், பதில் சொல்லும் முன்பு எதிர்த்தவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே திரும்பச் சொல்லுவார். "இதானே சொன்னீங்க?" என்று கேட்பார். அவர் "ஆமா" என்று சொன்ன பிறகுதான் தன் பேச்சைத் தொடங்குவார். "இல்ல, அப்டி சொல்லல" என்றால் மறுபடி கேட்டு, மறுபடி சொல்லுவார். ஒரு கேள்விக்கே பாதிக் கூட்டம் போய்விடும். எனக்குக் கால் கடுக்கும்.

நீ பைலில் பார்த்த அந்த ஊர் தொண்டூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது அவர்கள் வீட்டுச் சமையலறை விஷயம். முதல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பேனல் போட்டால் மழை வராதாமே என்றார்.

மேடம் எழுந்தார். "பேனலு வெயில் மொத்தத்தையும் இழுத்துக்கும், மேகம் கலைஞ்சிடும், மழ வராது. இதானே சொன்னீங்க?"

"ஆமா."

"இத்தினி வருசமா வராத மழைக்கு எந்தப் பேனலுங்க காரணம்?"

கூட்டம் சிரித்தது. கேள்வி கேட்டவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அன்றைக்கே பாதி ஊர் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

இடம் பார்க்கும் வேலை என்னுடையது. ஊருக்கு மேற்கே பாறை மேடு. அதை ஒட்டிய மானாவாரிக் கொல்லைகள் பலருடையவை. வேர்க்கடலை, இங்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டுப் பார்த்து, மழை ஏமாற்றி, சும்மா விட்டுவிட்ட நிலம். அதைத்தான் குத்தகைக்குத் தர ஒத்துக்கொண்டார்கள். பேனல் நிற்கும் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கம்பை நட்டு, அதன் நிழல் நுனி போகும் வழியெல்லாம் கோலமாவு தூவி அடையாளம் வைப்பேன். காலையில் ஒரு புள்ளி, உச்சியில் ஒரு புள்ளி, சாயங்காலம் ஒரு புள்ளி. வேலியோரம் பனைமரங்கள் இருந்தன. வெட்டுகிற பேச்சே இல்லை. எனவே வரிசைகள் எல்லாம் பனைக்குத் தெற்கே வருகிற மாதிரி தள்ளிப் போட்டேன். ஆனால் நம் பக்கத்தில் கோடை உச்சியில் சூரியன் கொஞ்சம் வடக்கே போய்விடுகிறது. அப்போது பனை நிழல் சின்னதாகத் தெற்கே விழும். அதற்கும் இடம் விட்டேன். விட்டது போதுமா என்று பயந்து இரண்டு முறை போய்ப் பார்த்தேன். போதும்.

அடுத்தது மண். இதைக் கவிதா, நீ கவனமாகச் செய்ய வேண்டும். இடி விழுந்தாலும் கம்பி உரசினாலும் மின்சாரம் போய்ச் சேர மண் வேண்டும். அதற்கு எர்த் குழி. நாலு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் சம தூரத்தில் அடித்து, மின்சாரத்துக்கு மண் எவ்வளவு வழிவிடுகிறது என்று கருவியில் பார்ப்பது உனக்குத் தெரியும். அந்த மேட்டில் எங்கே அடித்தாலும் கம்பி ஒரு முழத்துக்கு மேல் இறங்கவில்லை. அடியில் பாறை. கருவி காட்டிய அளவைப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்தது. ரோட்டை ஒட்டி, தூர்ந்துபோன கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொல்லை மட்டும் வேறு மாதிரி இருந்தது. கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அடிமண்ணில் ஈரம். மின்வாரியத்தின் கம்பியும் அந்த ரோட்டோரமாகத்தான் போகிறது. ட்ரான்ஸ்பார்மர் வைக்க அதைவிட்டால் வேறு இடமில்லை.

அந்தக் கொல்லை மல்லிகாவுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். அவளுடைய அப்பா, அவள் பேச்சில் நைனா, சாகும் முன்பு மகள் பெயரில் எழுதி வைத்தது. அவள் அண்ணன் ஏழுமலை வீட்டின் பின்பக்கத்தில், சுவரை ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பில், பள்ளிக்கூடம் போகும் மகளோடு இருந்தாள். ஊர்ப்பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். நிலம் தருகிறாயா என்று நான் கேட்டபோது தையல் மெஷினை நிறுத்தாமலே, "ஊருக்குத் தானே, எடுத்துக்கங்க" என்றாள்.

இனி பங்கு விஷயம். மின்நிலையம் ஊருக்குச் சொந்தம் என்றால், ஊர் என்பது யார்? நிலம் தந்தவர்களுக்கு மட்டுமா? அப்படியானால் நிலமே இல்லாத காலனிக்காரர்கள் வெளியே போய்விடுவார்கள். நிலத்துக்குக் குத்தகை தனி, மின்நிலையத்தில் பங்கு எல்லோருக்கும் சமம் என்பதை முதல் கூட்டத்திலேயே மேடம் சண்டை போட்டு வாங்கிவிட்டார். அந்த எல்லோரையும் எப்படி எண்ணுவது என்றுதான் கேட்டோம். ஊருக்கு அதில் குழப்பமே இல்லை.

"இதுல இன்னா இருக்குது? தலக்கட்டுக்கு ஒண்ணு" என்றார் பெருமாள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது ஊரில் வரி வசூலிப்பவர் அவர்தான். கல்யாணமான ஆண் ஒருவருடைய குடும்பம் ஒரு தலைக்கட்டு. திருவிழா அன்று ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரையும் உரக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் முன்னால் வந்து அம்மனுக்கு முன் நின்று பிரசாதம் வாங்கிக்கொண்டு போவார். காலனியிலும் அவர்கள் அம்மனுக்கு இதே வழக்கம், இதே கணக்கு. இரண்டு பக்கமும் கேள்வி இல்லாமல் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஊர் தானாகவே ஒரு அளவுகோலை எடுத்துத் தரும்போது வெளியாட்கள் ஏன் வேறொன்றைத் தேட வேண்டும்?

பெயர்களைச் சேர்த்துக்கொண்டு வரும்போது மல்லிகாவைக் காணோம்.

"அவளா? அவ ஏழுமல தலக்கட்டு" என்றார் பெருமாள்.

"அவங்க தனியா தானே இருக்காங்க?"

"பொம்பள எப்டிம்மா தலக்கட்டு ஆவும்? புருசன் இருந்தா புருசன் தலக்கட்டு. இல்லாங்காட்டி அண்ணன் தலக்கட்டு."

மல்லிகாவின் கணவர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர். முதலில் போன் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. வேறு குடும்பம் இருக்கிறது என்று ஒரு பேச்சு. அதையும் யாரும் நேரில் பார்க்கவில்லை.

ட்ரான்ஸ்பார்மருக்கே நிலம் தந்தவளுக்குப் பங்கு இல்லையா என்று எனக்கு ஆறவில்லை. மேடத்திடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் மேடம் எழுந்து பேசினார். பெரிய சண்டை வரும் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். பிறகு பெருமாளே, "அவளும் வரி குடுக்கட்டும். தனித் தலக்கட்டுன்னு வச்சிக்கலாம். ஆடிக்கு அவ பேரையும் கூப்டுறோம். ஆச்சா?" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கை தட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

மறுநாள் மல்லிகா பங்கும் வேண்டாம், நிலமும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

காரணம் சொல்லவில்லை. அண்ணன்தான் கெடுத்திருப்பான் என்று ஊரில் பேசினார்கள். ஏழுமலையோ, "நான் இன்னா சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லல. அவ கொல்ல, அவ இஷ்டம்" என்று சத்தியம் செய்தார். மேடத்துக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"சுகந்தி, ட்ரான்ஸ்பார்மர மேட்டுல வச்சிடலாம். பாறைய ஒடச்சி, ஈரம் புடிக்கிற மருந்து மண்ணு கொட்டி எர்த் போடு. கம்பியக் கொஞ்சம் நீட்டிக்கலாம். ஒருத்திக்காக ஊர நிறுத்த முடியாது."

"செலவு ஜாஸ்தியாகும் மேடம்."

"ஆவட்டும்."

"அப்புறம் அவங்களுக்குப் பங்கு?"

"அவளே வேணாங்கறா. நம்ம இன்னா பண்றது?"

நியாயம்தான். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிந்துபோன விஷயத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். மல்லிகா நிலம் தருகிறேன் என்று சொன்னது, பங்கு பற்றி எதுவும் தெரியாதபோது. மறுத்தது, தனித் தலைக்கட்டு என்று சொன்ன பிறகு. ஆக, அவளை நோகடித்தது நாங்கள் வாங்கித் தந்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. இதை மேடத்திடம் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். ஆனால் ஸ்கூட்டி அந்த ஊருக்குத்தான் திரும்பியது.

மல்லிகா சாய்ப்பில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கொல்லைக்கு விதைக்க. எங்களைப் பார்த்ததும் ஒரு முறத்தைத் தள்ளினாள். நாங்களும் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தோம். பருப்பின் மேல்தோல் உரிந்துவிட்டால் விதைக்கு ஆகாது. நான் உடைத்ததில் பாதி அப்படித்தான் ஆனது. அவள் அவற்றை மட்டும் பொறுக்கித் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

"துவையலுக்கு ஆவும்" என்றாள்.

மேடம் அன்று அவசரப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். கொஞ்ச நேரம் கழித்து மல்லிகாவே பேசினாள்.

"ஆடில எல்லாத் தலக்கட்டும் பேரு சொல்லி கூப்டுவாங்கோ மேடம். ஆம்பளைங்க பேரா வரும். பொம்பள பேரு எப்ப வரும் தெரியுமா? புள்ள சின்னதா இருந்து, ஊட்டுக்காரு செத்துப் பூட்டா, அந்தப் புள்ள தலையெடுக்கற வரைக்கும் அவ பேரக் கூப்டுவாங்கோ. கூட்டத்துல அவ எழுந்து நடந்து போறத எல்லாரும் பாப்பாங்கோ. நானும் பாத்திருக்கறேன். இப்ப என் பேரக் கூப்டா இன்னா அர்த்தம்? அவரு செத்துட்டாருன்னு ஊரே ஒத்துக்கிச்சின்னு ஆவாதா?"

அவள் இன்னொரு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள்.

"அவரு வருவாருன்னு நான் காத்துனு இல்ல. அந்தப் பைத்தியம் எனக்குக் கெடையாது. ஆனா என் பொண்ணு இஸ்கூல்ல நைனா பேரு எழுதறா. நைனா இன்னா பண்றாருன்னு கேட்டா, பெங்களூர்ல மேஸ்திரின்னு சொல்றா. அம்மன் முன்னாடி என் பேரக் கூப்ட்ட அன்னிக்கு அவளுக்கு நைனா இல்ல. ஒரு பங்குக்காக நான் அவள அப்டிப் பண்ணலாமா?"

மேடம் வழக்கம்போலத் தொடங்கினார். "தனித் தலக்கட்டுன்னு என் பேரக் கூப்டா அவரு செத்ததா ஆயிடும். என் பொண்ணுக்கு நைனா இல்லாம போயிடும். இதானே…" அத்தோடு நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மல்லாட்டைத் தூசு பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆமா மேடம்" என்றாள் மல்லிகா.

அந்த 'ஆமா'வுக்குப் பிறகு மேடம் தன் பேச்சைத் தொடங்காமல் முறத்தை இழுத்துக்கொண்டார். நான் அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். "அப்போ உங்க அண்ணன் தலைக்கட்டுலயே இருந்துக்கறீங்களா? அவர் பங்குல உங்களுக்கும் தருவாரு இல்ல?"

"தருவாரு. அண்ணன் தங்கமானவரு. அதான் கஷ்டமே." அவள் முறத்தைத் தட்டினாள். "கேட்டா தருவாரு. கேக்கணும் இல்ல? நான் வந்த அன்னிக்கே அண்ணிகிட்ட சொல்லிட்டேன், தனியா ஒல வச்சிக்கறேன்னு. கஞ்சியோ கூழோ, என் அடுப்புல. அத வேணா எழுதிக்கங்க. மல்லிகா தனியா ஒல வைக்கிறான்னு. அது பொய்யில்ல. யாரும் சாவறதும் இல்ல."

திரும்பி வரும்போது மேடம் பாதி வழியில் ஸ்கூட்டியை நிறுத்தினார். "சுகந்தி, தலைக்கட்டு வேணாம். அடுப்பு."

அப்படி வந்ததுதான் நீ பைலில் பார்த்த வரி. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஆணோ பெண்ணோ, மகனோடு இருப்பவரோ, அண்ணனோடு இருப்பவரோ, அந்த அடுப்புக்கு ஒரு பங்கு. அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஊர் பற்றிக்கொண்டது.

"அப்ப நான் நாளிக்கி நாலு செங்கல்லு வச்சி நாலு அடுப்பு பண்றேன், நாலு பங்கு குடுப்பியா?" என்று ஒருவர்.

"யோவ், உனக்கு ஒரு அடுப்புல ஒல வைக்கவே ஆளில்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஏமாற்று நடக்கக்கூடாது என்று இரண்டு விதிகள் வைத்தோம். கமிட்டி நேரில் வந்து அடுப்பைப் பார்க்கும். அதோடு, வீட்டுக்கு உடையவர் தன் வாயால் "இது தனி அடுப்பு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் எழுதுவோம். கமிட்டியில் ஊருக்குப் பெருமாள், காலனிக்குச் செல்வி, எங்கள் பக்கம் மேடமும் நானும். செல்வி செஞ்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், பட்டதாரி. ஊர்த்தெருவில் சில வீடுகளில் அவளை வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "சரி, சுகந்தி, இந்த வீட்ல அடுப்பு பாக்கலன்னு எழுதிக்கோ" என்பார். அடுப்பு பார்க்காத வீட்டுக்குப் பங்கு கிடையாது. கதவு திறக்கும். செல்வி நிமிர்ந்த தலையோடு உள்ளே போவாள். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் மெதுவாக, "இவங்க அடுப்பு எங்க அடுப்பவிட கரி புடிச்சிருக்குக்கா" என்பாள்.

அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயம், சொல்லாமல் இருப்பது குழந்தைக்குக் கெடுதலோ என்று அதைவிடப் பயம். வீடு வீடாகத் தாளிப்பு வாசனையும் புகையும் அடித்தால் என்ன ஆகும்? மூன்றாவது வீட்டிலேயே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். அந்த வீட்டு அம்மா முதுகைத் தடவிவிட்டு, "எத்தினி மாசம்?" என்றார். அதன்பிறகு எங்களுக்கு முன்னால் செய்தி போய்விட்டது. ஒரு வீட்டில் உப்பு நார்த்தங்காய், ஒரு வீட்டில் சுட்ட அப்பளம். மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் ஸ்கூட்டியை வழக்கத்தைவிட மிக மெதுவாக ஓட்டினார்.

அடுப்புகளைப் பார்க்கப் போனால் வேறு பலதும் தெரிந்தது. ஒன்றாக இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லிவந்த அண்ணன் தம்பி வீட்டில் நடுவில் ஒரு புடவைத் திரை, இரண்டு பக்கமும் இரண்டு அடுப்பு. மாமியாரும் மருமகளும் பேசாமல் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து ஒரு அடுப்பைக் கூடையால் மூடி வைத்திருந்தார்கள். பங்கு போனாலும் பரவாயில்லை, மானம் போகக்கூடாது என்று. பெருமாள் கூடையைப் பார்த்தார், கூடையிலிருந்து வந்த புகையைப் பார்த்தார், "சரி, ஒண்ணு" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். இந்த விதி சரிதானா, வீட்டுக்குள் இருப்பதையெல்லாம் வெளியே இழுத்துப் போடுகிறோமா என்று எனக்கு அன்று முழுவதும் குழப்பம். இன்றும் முழுத்தெளிவு இல்லை.

ஏழுமலை வீட்டுக்குப் போனபோது மதியம். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்பக்கச் சாய்ப்பிலிருந்து புகை வருவது தெருவுக்கே தெரிந்தது.

"இங்க ஒரே அடுப்பு தான்" என்றார்.

பெருமாள் தயங்கினார். "ஏழுமல, மல்லிகா தனியா…"

"ஒரே அடுப்புன்னு சொல்றன் இல்ல? எங்க நைனா போவும்போது அவ கைய என் கைல புடிச்சிக் குடுத்துட்டுப் போனாரு. இன்னிக்கி ஊரே வந்து, ஏழுமல தங்கச்சிக்குத் தனி அடுப்புன்னு எழுதினு போனா, நான் சோறு போடலன்னு தானே அர்த்தம்? கூடப் பொறந்தவளப் பட்டினி போட்டவன்னு பேரு வாங்கவா இத்தினி வருசம் வச்சிருந்தேன்?"

எனக்கு மேடத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. விதி எங்கள் விதி. ஏழுமலை சொல்லாவிட்டால் எழுத முடியாது. மல்லிகாவுக்குத் தலைக்கட்டும் இல்லை, அடுப்பும் இல்லை. அவர் சொன்னால், அவர் மனதில் அவர் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று.

ஏழுமலையின் மனைவி அஞ்சலைதான் உள்ளேயிருந்து வந்தாள். "நீ இன்னா இப்டி நின்னுனு? ஊருக்குத் தெரியாததா? மாசமான பொண்ண வெயில்ல நிக்க வச்சிருக்கற. உள்ள விடு மொதல்ல" என்று அவரை ஒதுக்கிவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஏழுமலையும் வேறு வழியில்லாமல் வந்தார்.

சாய்ப்பு கூட்டி, தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருந்தது. மூலையில் மண் அடுப்பு. சோறு வடித்திருந்தது. குழம்பு கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. மல்லிகா எங்களைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனைப் பார்த்தாள்.

"ண்ணா. நீ எனக்குச் சோறு போட்ட. நான்தான் வேணான்னு சொன்னேன். நான் வேணான்னு சொன்னா நீ போடலன்னு ஆயிடுமா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இத்தினி வருசமா ஒரே கொற தான். ஊர்ல தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு எல்லா அண்ணனும் போறாங்கோ. துன்னுட்டு வர்றாங்கோ. நீ எங்க போவ? பின்னால தானே கீறேன்னு ஒரு நாளு வந்து என் கையால ஒரு வாய் துன்னுருக்கியா?"

அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவி, மணைப்பலகைக்கு முன்னால் வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். கருவாட்டுக் குழம்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் ஓடினால் எல்லாம் கெட்டுவிடும் என்று தோன்றியது.

பெருமாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி மட்டும் நேராக ஏழுமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார். சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவினார். மணையில் உட்கார்ந்தார். தன் வீட்டில் உட்காருகிற மாதிரி அல்ல. வெளியூரில் சம்பந்தி வீட்டில் உட்காருகிற மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு, முதுகை நேராக வைத்துக்கொண்டு.

முதல் கவளம் உள்ளே போனதும் இருமினார். கண்ணில் நீர் வந்தது. கையின் பின்புறத்தால் துடைத்துக்கொண்டார்.

"எழுதிக்கப்பா பெருமாளு" என்றார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "இது வேற வூடு தான். எங்க வூட்ல இத்தினி காரம் போட மாட்டாங்கோ."

மல்லிகா இன்னொரு கரண்டி ஊற்றினாள்.